புஷ், கெர்ரி, வியட்நாம், வேலைவாய்ப்பு: 2004 அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024-ல் ஜனநாயகக் கட்சியின் டிம் வால்ஸும் குடியரசுக் கட்சியின் ஜே.டி. வான்ஸும் அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்கு நின்றபோது, யார் ராணுவத்தில் என்ன செய்தார், யார் எப்போது விலகினார் என்ற சண்டை மறுபடியும் கிளம்பியது. உடனே எல்லோரும் 2004-ஐ இழுத்தார்கள். அந்தத் தேர்தலைப் பற்றித் தமிழில் அரைகுறையாகவே பேசப்படுகிறது. “கெர்ரி பொய் சொன்னார், மாட்டிக்கொண்டார்” என்பார் ஒருவர். “புஷ் ராணுவத்தை விட்டு ஓடினவர்” என்பார் இன்னொருவர். இரண்டுமே சரியில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

போட்டி யாருக்கும் யாருக்கும்?

குடியரசுக் கட்சி சார்பில் அப்போதைய அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். ஜனநாயகக் கட்சி சார்பில் மாசசூசெட்ஸ் செனட்டர் ஜான் கெர்ரி. வாக்குப்பதிவு 2004 நவம்பர் 2. ஈராக் போர் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இருவருமே யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், வசதியான குடும்பத்துப் பிள்ளைகள். கெர்ரி 1966-ல் பட்டம் வாங்கினார், புஷ் 1968-ல்.

அமெரிக்க அதிபராக ராணுவத்தில் இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இல்லை. பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது ஆகியிருக்க வேண்டும், 14 வருடம் அந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அரசியல் சட்டப்படி அதிபரே முப்படைகளின் தலைமைத் தளபதி. அதனால் “படையை நடத்தப் போகிறவர் படையைப் பார்த்தவரா?” என்ற கேள்வி எப்போதும் இருக்கும். இரண்டாம் உலகப் போர் முடிவில் பதவிக்கு வந்த ட்ரூமனில் ஆரம்பித்து 1993-ல் விலகிய மூத்த புஷ் (2004-ல் நின்ற புஷ்ஷின் அப்பா) வரை எல்லா அதிபர்களுமே ஏதாவது ஒரு வகையில் சீருடை போட்டவர்கள். ரீகன் அமெரிக்காவிலேயே இருந்து ராணுவத்துக்குப் படம் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்தார். அதுவும் கணக்கில் சேர்ந்தது.

இந்தச் சண்டை இன்னும் பழசு. 1884 தேர்தலில் மோதிய க்ரோவர் க்ளீவ்லண்ட், ஜேம்ஸ் ப்ளெய்ன் இருவருமே உள்நாட்டுப் போரின்போது பணம் கொடுத்துத் தங்களுக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பியவர்கள். அன்றைய சட்டம் அதை அனுமதித்தது. க்ளீவ்லண்ட் கொடுத்தது 150 டாலர்.

கெர்ரி வியட்நாமில் உண்மையில் என்ன செய்தார்?

படிப்பு முடிந்ததும் கடற்படையில் சேர்ந்தார். முதலில் ஒரு போர்க்கப்பலில் இருந்தார். அப்புறம் தானாகவே விண்ணப்பித்து ‘ஸ்விஃப்ட்’ படகுகளுக்குப் போனார். இவை 50 அடி நீளமுள்ள அலுமினிய ரோந்துப் படகுகள், ஒரு படகில் 6 பேர். அவர் விண்ணப்பித்த சமயத்தில் அது கடலோர ரோந்து வேலை, பெரிய ஆபத்தில்லை. இதைக் கெர்ரியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் 1968 நவம்பரில் அவர் போய்ச் சேர்ந்தபோது திட்டம் மாறிவிட்டது. கரைகளில் மறைந்திருந்து சுடுவார்கள் என்று தெரிந்தே அந்தப் படகுகளை மீகாங் டெல்டாவின் குறுகிய ஆறுகளுக்குள்ளும் கால்வாய்களுக்குள்ளும் அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள்.

அங்கே சுமார் 4 மாதம் இருந்தார். வாங்கிய பதக்கங்கள்: ஒரு சில்வர் (வெள்ளி) ஸ்டார், ஒரு ப்ரான்ஸ் (வெண்கல) ஸ்டார், காயம் பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் 3. அந்தக் காலத்துக் கடற்படை விதிப்படி 3 பர்ப்பிள் ஹார்ட் வாங்கியவர் போர்முனையிலிருந்து மாற்றல் கேட்கலாம். கெர்ரி கேட்டார், கிடைத்தது. அந்தக் காயங்கள் பெரிய காயங்கள் அல்ல, முதல் காயம் மிகச் சிறியது. எதிராளிகள் பிடித்துக்கொண்டதும் அதைத்தான்.

புஷ் போருக்கே போகவில்லையா?

வியட்நாமுக்குப் போகவில்லை. 1968 மே 27 அன்று டெக்சாஸ் மாநில விமான தேசியக் காவல் படையில் சேர்ந்தார். பட்டம் வாங்குகிற நேரம் அது. கல்லூரி முடிந்துவிட்டால் மாணவர்களுக்குக் கிடைத்த விலக்கு போய்விடும், கட்டாய ராணுவ அழைப்பு எந்த நாளும் வரலாம்.

தேசியக் காவல் படை என்பது பகுதிநேரப் படை. வேறு வேலை பார்த்துக்கொண்டே மாதத்தில் ஒரு வார இறுதி, வருடத்தில் இரண்டு வாரம் என்று பயிற்சிக்குப் போக வேண்டும். இன்றைக்கு அந்தப் படை ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போய்வந்த படை. வியட்நாம் காலத்தில் அப்படியில்லை. அதிபர் ஜான்சன் அவர்களைப் பெரிய எண்ணிக்கையில் கூப்பிடவில்லை. அதனால் ‘காவல் படையில் இடம் கிடைத்தால் வியட்நாம் இல்லை’ என்பது ஊரறிந்த ரகசியம். இடத்துக்கு நீண்ட வரிசை நின்றது. புஷ் சேர்ந்த ஹூஸ்டன் பிரிவில் செனட்டராக வந்த லாய்ட் பென்ட்சனின் மகனும், டல்லஸ் கவ்பாய்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர்களும் இருந்தார்கள். அப்போது டெக்சாஸ் சட்டசபையின் சபாநாயகராக இருந்த பென் பார்ன்ஸ், புஷ்ஷுக்காகத் தான் சிபாரிசு செய்ததாகப் பிற்பாடு சொன்னார். புஷ் குடும்பம் தாங்கள் யாரிடமும் கேட்கவில்லை என்றது.

ஒன்றை மறக்கக் கூடாது. புஷ் அங்கே காகிதம் புரட்டிக்கொண்டு இருக்கவில்லை. எஃப்-102 போர் விமானம் ஓட்டினார். அது அவ்வளவு பாதுகாப்பான விமானமும் அல்ல.

‘ஓடிப்போனவர்’ என்று ஏன் சொன்னார்கள்?

1972-ல் புஷ் தேர்தல் வேலை பார்க்க அலபாமாவுக்குப் போனார். வின்டன் ப்ளவுன்ட் என்ற செனட் வேட்பாளருக்கு வேலை. பயிற்சியை அங்கேயே முடிக்க அனுமதி வாங்கியிருந்தார். ஆனால் அந்த வருடம் விமானிகளுக்கான கட்டாய மருத்துவப் பரிசோதனைக்குப் போகவில்லை, ஆகஸ்டில் விமானம் ஓட்டும் தகுதியை ரத்து செய்தார்கள். சில மாதங்களுக்கு அவர் பயிற்சிக்கு வந்ததற்கான பதிவுகளே இல்லை. 1973 அக்டோபரில், ஹார்வர்டில் மேலாண்மை படிக்கப் போவதற்காக, காலம் முடியும் முன்பே முறைப்படி கௌரவமாக விடுவிக்கப்பட்டார்.

2004 ஜனவரி, பிப்ரவரியில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இதைக் கிளறினார்கள். வெள்ளை மாளிகை சம்பளப் பட்டியல்களை வெளியிட்டது. அலபாமா விமானத் தளத்தில் 1973 ஜனவரியில் பல் பரிசோதனை செய்துகொண்ட ஒரு தாளும் அதில் இருந்தது. உலக வல்லரசின் அதிபர் தேர்தல் ஒரு வாரம் பல் மருத்துவரின் குறிப்பைச் சுற்றியே ஓடியது.

‘ஓடிப்போனவர்’ என்பது ராணுவச் சட்டத்தில் கடுமையான குற்றம். புஷ் மீது அப்படிக் குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை. பணியில் மெத்தனமாக இருந்தார், மேலிடம் கண்டுகொள்ளாமல் விட்டது என்று சொன்னால் ஆவணங்களோடு ஒத்துப்போகும்.

கெர்ரியைத் தாக்கிய ‘ஸ்விஃப்ட் படகு’ குழு யார்?

அதே வகைப் படகுகளில் பணியாற்றிய முன்னாள் வீரர்கள் சிலர் சேர்ந்து 2004-ல் அமைத்த குழு. முன்னால் நின்றவர் ஜான் ஓநீல். கெர்ரி ஓட்டிய படகுகளில் ஒன்றை அவருக்குப் பிறகு ஓட்டியவர். பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பாப் பெர்ரி, ஹூஸ்டனில் வீடு கட்டி விற்கும் தொழிலதிபர். ஆகஸ்ட் 5 அன்று முதல் விளம்பரம் வந்தது. கெர்ரி பொய் சொல்லிப் பதக்கம் வாங்கினார் என்பதுதான் சாரம்.

கவனியுங்கள், விளம்பரம் ஓடியது ஒஹையோ, விஸ்கான்சின், மேற்கு வர்ஜீனியா என்ற 3 மாநிலங்களில் மட்டும். மீதி வேலையைக் கேபிள் செய்தி சேனல்கள் இலவசமாகச் செய்தன. ‘இது உண்மையா?’ என்று கேட்டுக்கொண்டே நாள் முழுக்க அதே விளம்பரத்தைப் போட்டுக் காட்டினார்கள்.

அவர்கள் சொன்னது உண்மையா?

பதக்கங்களைப் பற்றிச் சொன்னது நிற்கவில்லை.

ப்ரான்ஸ் ஸ்டார் விவகாரம் 1969 மார்ச் 13 அன்று நடந்தது. பக்கத்துப் படகின் அடியில் கண்ணிவெடி வெடித்தது. கெர்ரியின் படகிலிருந்த ஜிம் ராஸ்மன் என்ற சிறப்புப் படை அதிகாரி ஆற்றில் விழுந்துவிட்டார். கெர்ரி படகைத் திருப்பி வந்து அவரைத் தூக்கினார். அப்போது கரையிலிருந்து யாரும் சுடவே இல்லை என்றார் லாரி தர்லோ, அதே இடத்தில் இன்னொரு படகில் இருந்தவர். ஆனால் அதே சம்பவத்துக்காக தர்லோவும் ப்ரான்ஸ் ஸ்டார் வாங்கியிருந்தார். அந்தப் பதக்கச் சான்றிலேயே எதிரிகள் சுட்டதாக எழுதியிருந்தது. ‘வாஷிங்டன் போஸ்ட்’ அதை எடுத்துப் போட்டது. ராஸ்மனோ குடியரசுக் கட்சிக்காரர். ஜனவரியிலேயே அயோவாவுக்கு வந்து தன் உயிரைக் காப்பாற்றியவர் கெர்ரி என்று மேடையில் சொல்லிவிட்டுப் போனார்.

சில்வர் ஸ்டார் விஷயத்தில், அன்று கூடப் போன இன்னொரு படகின் தலைவரான வில்லியம் ரூட் 35 வருடம் வாயே திறக்கவில்லை. ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளிதழில் ஆசிரியராக இருந்தார். ஆகஸ்ட் 22 அன்று தானே எழுதினார், கெர்ரி சொன்னதுதான் நடந்தது என்று. கெர்ரியின் சொந்தப் படகுகளில் கூடவே இருந்தவர்களில் ஒரே ஒருவர்தான் எதிர்க்குழுவில் இருந்தார். மற்றவர்கள் கெர்ரியோடு மேடையேறினார்கள்.

குழு சொன்னவற்றில் ஒன்று மட்டும் குறிதப்பவில்லை. 1968 கிறிஸ்துமஸ் சமயத்தில் கம்போடியாவுக்குள் இருந்ததாகக் கெர்ரி பல வருடமாகச் சொல்லி வந்தார். கேள்வி எழுந்ததும் அவருடைய தரப்பு, எல்லைக்கு அருகில் என்று பின்வாங்கியது. ஒரு சறுக்கலைக் காட்டிவிட்டால் மீதி எல்லாவற்றையும் சந்தேகப்பட வைக்கலாம், அந்த உத்தி பலித்தது.

பதக்கம் உண்மை என்றால், சக வீரர்களுக்கே ஏன் அவ்வளவு கோபம்?

என் கணிப்பில் இந்தக் கோபத்தின் வேர் 1969 அல்ல, 1971. போரிலிருந்து திரும்பிய கெர்ரி போர் எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். 1971 ஏப்ரல் 22 அன்று செனட்டின் வெளியுறவுக் குழு முன்னால், 27 வயதில், ராணுவச் சட்டையோடு உட்கார்ந்து பேசினார். ஒரு தவறுக்காகச் சாகிற கடைசி ஆளாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பீர்கள் என்ற அவருடைய கேள்வி இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதே பேச்சில், அமெரிக்க வீரர்கள் வியட்நாமில் செய்ததாகச் சக வீரர்கள் ஒப்புக்கொண்ட கொடுமைகளையும் பட்டியலிட்டார். மறுநாள் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் பதக்க ரிப்பன்களை வீசியெறிந்தார்கள், கெர்ரியும் வீசினார்.

அதே வருடம் ஜூனில் கெர்ரிக்கு எதிராகத் தொலைக்காட்சி விவாதத்தில் உட்கார்ந்தது யார் தெரியுமா? இதே ஜான் ஓநீல். நிக்சனின் வெள்ளை மாளிகை அவரைத் தட்டிக்கொடுத்து வளர்த்தது. ஆக 2004-ல் நடந்தது 33 வருடம் முந்திய விவாதத்தின் மறுசுற்று. போய்விட்டு வந்த வீரர்களில் பலர் கெர்ரி தங்களைக் கொலைகாரர்கள் என்று சொல்லிவிட்டதாகவே நினைத்தார்கள். அந்த மனத்தாங்கல் நிஜமானது. அதை நேராகச் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. பதக்கம் பொய் என்று சொன்னதுதான் அநியாயம். குழுவின் இரண்டாவது விளம்பரம் இந்த 1971 பேச்சைத்தான் எடுத்துக்கொண்டது.

கெர்ரி உடனே திருப்பி அடிக்கவில்லையே, ஏன்?

பணக் கணக்கு. அன்றைய அரசுத் தேர்தல் நிதியான சுமார் 7.5 கோடி டாலரை வாங்கும் வேட்பாளர், கட்சி மாநாட்டில் அறிவிக்கப்பட்டதிலிருந்து தேர்தல் வரை அதை வைத்தே ஓட்ட வேண்டும். ஜனநாயகக் கட்சி மாநாடு பாஸ்டனில் ஜூலை கடைசியிலேயே முடிந்துவிட்டது. புஷ்ஷின் மாநாடு நியூயார்க்கில் ஆகஸ்ட் 30-ல் தொடங்கியது. அதே அளவு பணத்தை ஒருவர் மூன்று மாதத்துக்கு மேல் இழுக்க வேண்டும், மற்றவருக்கு இரண்டு மாதம். எனவே ஆகஸ்டில் விளம்பரத்துக்குச் செலவு செய்யாமல் சேமிப்போம் என்று முடிவெடுத்தார்கள். இந்தப் புகாரை யார் நம்பப் போகிறார்கள் என்ற அலட்சியமும் சேர்ந்தது. ஆகஸ்ட் 19-ல்தான் தீயணைப்பு வீரர்கள் கூட்டத்தில் கெர்ரி வாய் திறந்தார். இரண்டு வாரம் போய்விட்டது.

ஆனால் பழியை முழுக்க நிதி ஆலோசகர்கள் தலையில் போடவும் எனக்கு மனம் வரவில்லை. மாநாட்டு மேடையில் சல்யூட் அடித்து, பணிக்கு வந்துவிட்டேன் என்று ஆரம்பித்தவர் கெர்ரிதான். 20 வருட செனட் அனுபவத்தை ஒதுக்கிவிட்டு 4 மாத வியட்நாமை முன்னால் வைத்தார். கடையின் முகப்பில் எதை வைக்கிறோமோ அதன் மேல்தான் கல் விழும்.

சிபிஎஸ் போலி ஆவண விவகாரம் என்ன?

செப்டம்பர் 8 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் மூத்த செய்தியாளர் டான் ராதர் சில குறிப்புகளைக் காட்டினார். காவல் படையில் புஷ்ஷின் மேலதிகாரியாக இருந்து 1984-ல் இறந்துபோன ஜெர்ரி கில்லியன் 1970-களில் எழுதியவை என்றார்கள். சில மணி நேரத்திலேயே இணையத்தில் ஆட்கள் கேள்வி கேட்டார்கள்: அந்தக் காலத் தட்டச்சு இயந்திரத்தில் எழுத்து இடைவெளி இப்படி வருமா? மைக்ரோசாஃப்ட் வேர்டில் அடித்துப் பார்த்தால் அப்படியே பொருந்துகிறதே? சிபிஎஸ்ஸால் ஆவணங்களின் நம்பகத்தன்மையை நிறுவ முடியவில்லை. 20-ம் தேதி மன்னிப்புக் கேட்டது. தயாரிப்பாளர் நீக்கப்பட்டார், 3 உயரதிகாரிகளை ராஜினாமா செய்யச் சொன்னார்கள், ராதர் 2005 மார்ச்சில் இருக்கையை விட்டு இறங்கினார்.

இதில் வேடிக்கை, அதே செப்டம்பர் 8 அன்று ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ் அசல் ஆவணங்களை வைத்தே புஷ் தன் பயிற்சிக் கடமையை முழுதாக முடிக்கவில்லை என்று எழுதியிருந்தது. போலித் தாள்கள் மாட்டியதும் அசல் தாள்களையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சரி, அன்றைக்குப் பொருளாதாரம் எப்படி இருந்தது?

படுமோசம் இல்லை, நன்றாகவும் இல்லை. விவாதத்துக்கு இதைவிட வசதியான நிலை கிடையாது.

2001 மார்ச் முதல் நவம்பர் வரை மந்தம். நடுவில் செப்டம்பர் 11 தாக்குதல். மந்தம் முடிந்த பிறகும் வேலைகள் திரும்பவில்லை. வேலையின்மை 2003 ஜூனில் 6.3 சதவீதம் வரை போய், தேர்தல் சமயத்தில் 5.5 பக்கம் இறங்கியிருந்தது. மத்திய வங்கி வட்டியை 1 சதவீதத்துக்குக் கொண்டுபோய் ஒரு வருடம் அப்படியே வைத்திருந்தது, 2004 ஜூன் கடைசியில்தான் ஏற்ற ஆரம்பித்தது. அக்டோபரில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 50 டாலரைத் தாண்டியது, அன்றைக்கு அது அதிர்ச்சி.

அரசுக் கணக்கு தலைகீழானது. 2000 நிதியாண்டில் 23,600 கோடி டாலர் உபரி, 2004-ல் 41,000 கோடிக்கு மேல் பற்றாக்குறை. மந்தம், போர்ச் செலவு, அப்புறம் புஷ்ஷின் இரண்டு வரிக்குறைப்புகள். 2001-ல் பத்து வருடத்துக்கு 1.35 லட்சம் கோடி டாலர், 2003-ல் இன்னொரு 35,000 கோடி. அதிகபட்ச வருமான வரி 39.6-லிருந்து 35 சதவீதமாகியது. வரிக்குறைப்பு இல்லையென்றால் மந்தம் இன்னும் மோசமாகியிருக்கும் என்றார் புஷ். 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கிறவர்களுக்கு மட்டும் பழைய வரியைக் கொண்டுவந்து அந்தப் பணத்தை மருத்துவக் காப்பீட்டுக்குக் கொடுப்பேன் என்றார் கெர்ரி.

1930-களின் பெருமந்த கால அதிபர் ஹூவருக்குப் பிறகு வேலைகளைக் குறைத்த முதல் அதிபர் புஷ் என்றார்களே, உண்மையா?

எந்தக் கணக்கை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் மாதாமாதம் இரண்டு கணக்கெடுப்பு நடக்கிறது. ஒன்று, நிறுவனங்களிடம் எத்தனை பேருக்குச் சம்பளம் போட்டீர்கள் என்று கேட்பது. இன்னொன்று, சுமார் 60,000 வீடுகளில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்பது. வேலையின்மை விகிதம் இரண்டாவதிலிருந்து வருகிறது.

நிறுவனக் கணக்குப்படி 2001 ஜனவரிக்கும் 2003 ஆகஸ்டுக்கும் இடையில் 25 லட்சத்துக்கு மேல் வேலைகள் போயின. பிறகு ஒரு பகுதி திரும்பியது. கெர்ரி 16 லட்சம் வேலை போச்சு என்றார். அது தனியார் வேலை மட்டும், அரசு வேலைகளையும் சேர்த்தால் இழப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். புஷ் தரப்பு வீட்டுக் கணக்கைக் காட்டியது, அதில் வேலையில் இருப்போர் எண்ணிக்கை கூடியிருந்தது. மத்திய வங்கித் தலைவர் அலன் கிரீன்ஸ்பான் நிறுவனக் கணக்குதான் நம்பத்தக்கது என்றார். ஆக இரு தரப்பும் உண்மையான எண்ணைத்தான் சொன்னார்கள், தங்களுக்குத் தோதான எண்ணை மட்டும். ஹூவர் ஒப்பீடு மிகையானது. அவர் காலத்தில் நாட்டில் நான்கில் ஒருவருக்கு வேலையில்லாமல் போனது.

வேலைகள் இந்தியாவுக்குப் போகின்றன என்ற பேச்சு அப்போதுதானே வந்தது?

ஆமாம், நம் ஊருக்கும் அந்தத் தேர்தலுக்கும் நேரடித் தொடர்பு இதுதான். சென்னையில் டைடல் பார்க் திறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது, ராத்திரி ஷிஃப்ட் கால் சென்டர் வேலை வீட்டுக்கு வீடு பேச்சாகியிருந்தது. அங்கே கெர்ரி, வேலைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனத் தலைவர்களை அமெரிக்க வரலாற்றின் பெரிய துரோகியான பெனடிக்ட் அர்னால்டோடு ஒப்பிட்டார்.

பிப்ரவரியில் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் கிரெகரி மேன்கியூ, வெளியே வேலை கொடுப்பது சர்வதேச வணிகத்தின் இன்னொரு வடிவம்தான், நீண்ட காலத்தில் நல்லது என்று சொல்லிவைத்தார். பொருளாதாரப் பாடப் புத்தகம் எழுதியவர், வகுப்பில் சொல்வதைத் தேர்தல் வருடத்தில் சொல்லிவிட்டார். சொந்தக் கட்சி சபாநாயகர் டென்னிஸ் ஹாஸ்டர்ட்டே பாய்ந்தார். அவர் குழு அப்போது வெளியிட்ட அதிபரின் பொருளாதார அறிக்கையில், பர்கர் கடை பர்கர் செய்வது சேவையா, உற்பத்தியா என்றும் ஒரு கேள்வி இருந்தது. புள்ளிவிவர வகைப்பாடு பற்றிய நியாயமான கேள்விதான். ஆனால் ஆலைகளில் 25 லட்சத்துக்கு மேல் வேலை போயிருந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது?

கெர்ரியின் பேச்சு காரமாக இருந்த அளவுக்குத் திட்டம் இல்லை. வெளிநாட்டு லாபத்துக்கு வரியைத் தள்ளிப்போடும் சலுகையை நிறுத்துவேன், பதிலுக்கு நிறுவன வரியை 35-லிருந்து 33.25 சதவீதமாகக் குறைப்பேன் என்றார். பெங்களூருக்கோ சென்னைக்கோ வந்த வேலைகளை அது பெரிதாகத் தடுத்திருக்காது. இருந்தாலும் அந்த வருடம் இங்கே பல ஐடி குடும்பங்கள் புஷ் ஜெயிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டன.

ராணுவச் சண்டை பொருளாதாரத்தை மறைத்துவிட்டது என்கிறீர்களா?

ஆகஸ்ட் காலண்டரைப் பாருங்கள். 5-ம் தேதி ஸ்விஃப்ட் படகு விளம்பரம். 6-ம் தேதி வெள்ளிக்கிழமை, ஜூலை மாத வேலை அறிக்கை: 2 லட்சத்துக்கு மேல் எதிர்பார்த்த இடத்தில் வந்தது வெறும் 32,000. சவாலுக்கு நிற்கும் எந்த வேட்பாளருக்கும் இது லட்டு. 25-ம் தேதி, வியட்நாமில் இரண்டு கால்களையும் ஒரு கையையும் இழந்த முன்னாள் செனட்டர் மேக்ஸ் க்ளீலண்ட், விளம்பரத்தைக் கண்டிக்கச் சொல்லும் கடிதத்தோடு டெக்சாஸில் புஷ்ஷின் பண்ணை வாசலுக்குப் போனார். அதே நாள், ஸ்விஃப்ட் குழுவுக்கும் சட்ட ஆலோசனை சொன்னது வெளியானதால் புஷ் பிரசார வக்கீல் பெஞ்சமின் கின்ஸ்பர்க் விலகினார். மறுநாள் 26-ம் தேதி மக்கள்தொகைத் துறையின் அறிக்கை: வறுமை 12.1-லிருந்து 12.5 சதவீதமாக உயர்வு, மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் 4.5 கோடி.

அந்த இரண்டு அறிக்கைகளும் செய்தியாக வராமல் இல்லை. வந்தன, போயின. படகுகள் மாதம் முழுக்க நின்றன. எண்களுக்கு எப்போதும் இந்தக் கதிதான் என்று சொல்லிவிடலாம், ஆனால் கெர்ரி தரப்பே படகுகளை முன்னால் நிறுத்தியிருக்காவிட்டால் அந்த வெள்ளிக்கிழமை வேறு மாதிரிப் போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நேரடி விவாதங்களில் இதெல்லாம் வந்ததா?

மூன்று விவாதங்கள். செப்டம்பர் 30 மியாமி அருகே, அக்டோபர் 8 செயின்ட் லூயிஸ், அக்டோபர் 13 அரிசோனாவில் டெம்பி. எதிலுமே நெறியாளர்கள் பதக்கத்தையோ காவல் படையையோ பற்றிக் கேட்கவில்லை. ஆறு வாரம் ஊரை அலைக்கழித்த விஷயம், இருவரும் நேருக்கு நேர் நின்றபோது பேசப்படவே இல்லை!

பொருளாதாரம் பெரும்பாலும் மூன்றாவதில் வந்தது. வெளிநாட்டுக்காரரிடம் வேலையைப் பறிகொடுத்தவருக்கு என்ன சொல்வீர்கள் என்று நெறியாளர் பாப் ஷீஃபர் கேட்டார். புஷ் கல்வி, மறுபயிற்சி, சமூகக் கல்லூரி என்று போனார். பாருங்கள், வேலையைக் கேட்டால் படிப்பைப் பேசுகிறார் என்று சுட்டிக்காட்டினார் கெர்ரி. விவாதங்களில் கெர்ரிக்கே கை ஓங்கியிருந்தது என்று பெரும்பாலான கருத்துக்கணிப்புகள் சொல்லின.

ஒஹையோவில் என்ன நடந்தது?

மொத்தத் தேர்தலும் அங்கேதான் முடிந்தது. 2003 ஏப்ரலில் புஷ், கேன்டன் நகரில் டிம்கன் என்ற பேரிங் தயாரிப்பு நிறுவனத்துக்குப் போய்த் தன் வரிக்குறைப்பால் வேலைகள் பெருகும் என்று பேசினார். 2004 மே மாதம் அதே டிம்கன் கேன்டனில் 3 ஆலைகளை மூடப்போவதாக அறிவித்தது, சுமார் 1,300 வேலைகள். கெர்ரிக்கு இதைவிட நல்ல மேடை கிடைக்காது. அந்த ஸ்டார்க் மாவட்டத்தைக் கெர்ரி மயிரிழையில் வென்றார். மாநிலத்தை சுமார் 1,18,000 வாக்கில் இழந்தார். ஒஹையோவின் 20 தேர்வாளர் வாக்குகள் (அந்த மாநிலத்தில் ஜெயிப்பவருக்கு மொத்தமாகப் போகும் வாக்குகள்) மாறியிருந்தால் அதிபர் கெர்ரி. முடிவு புஷ் 286, கெர்ரி 251.

மக்கள் எதைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள்?

வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பில், எது முக்கியம் என்ற கேள்விக்கு 22 சதவீதம் பேர் ஒழுக்க விழுமியங்கள் என்றார்கள், 20 பொருளாதாரம், 19 பயங்கரவாதம், 15 ஈராக். பொருளாதாரம் என்றவர்களில் 80 சதவீதம் கெர்ரிக்கு. பயங்கரவாதம் என்றவர்களில் 86 சதவீதம் புஷ்ஷுக்கு. முன்னாள் ராணுவத்தினர்? 57-க்கு 41 என்று புஷ் பக்கம். போர்முனையைப் பார்த்தவரை விட்டுவிட்டு, பார்க்காதவருக்குப் போட்டார்கள்.

இது புதுசா?

இல்லை. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் விமானம் சுடப்பட்டுத் தப்பிய மூத்த புஷ், 1992-ல் கட்டாயச் சேவையைத் தவிர்த்த பில் கிளிண்டனிடம் தோற்றார். வளைகுடாப் போர் முடிந்த கையோடு 89 சதவீத ஆதரவு இருந்தது, அடுத்த வருடம் வேலையின்மை 7.8-ஐத் தொட்டதும் எல்லாம் கரைந்தது. 1996-ல் நின்றவர், அதே உலகப் போரில் இத்தாலியில் படுகாயமடைந்த பாப் டோல். 2008-ல் நின்றவர், வியட்நாமில் ஐந்தரை வருடம் போர்க்கைதியாக இருந்த ஜான் மெக்கெய்ன். எல்லோரும் தோற்றார்கள். மெக்கெய்ன் 2004-ல் ஸ்விஃப்ட் விளம்பரத்தை நேர்மையற்றது என்று கண்டித்த குடியரசுக் கட்சிக்காரர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழுவுக்கு ஏதாவது தண்டனை?

2006 டிசம்பரில் மத்திய தேர்தல் ஆணையம் 2,99,500 டாலர் அபராதம் போட்டது. விளம்பரத்தில் சொன்னதற்காக அல்ல. அரசியல் குழுவாகப் பதிவு செய்யாமல், வரம்பை மீறி நன்கொடை வாங்கியதற்காக. அதே சமயத்தில் புஷ் எதிர்ப்புக் குழுக்களுக்கும் அபராதம் விழுந்தது. அந்த விளம்பரங்களில் வேலை பார்த்த கிறிஸ் லசிவிடா 2024-ல் டிரம்ப் பிரசாரத்தின் இரண்டு மேலாளர்களில் ஒருவர். டிம் வால்ஸ் தன் பிரிவு ஈராக்குக்குப் போகும் முன்பே ஓய்வு பெற்றதைப் பற்றிய தாக்குதல் அந்தப் பிரசாரத்தில்தான் வந்தது.